நான் குரல் கொடுக்கும்வரை

சூசை,

உன் கடிதம் வந்து நாலு நாளாகிறது. நாலு நாளும் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே பூசைக்குப் போனேன், மார்க்கெட்டுக்குப் போனேன், திரும்பி வந்து மேசைமுன் உட்கார்ந்தேன், எழுந்தேன். இருபது வருஷம் ஊரார் பிள்ளைகளின் கட்டுரைகளில் சிவப்பு மையைக் கொட்டியவனுக்குத் தன் பிள்ளைக்கு ஒரு பக்கம் எழுத வரவில்லை. சிரித்துக்கொள். ஆனால் இன்று செவ்வாய்க்கிழமை ஆகிவிட்டது. நீ சொன்ன வெள்ளிக்கிழமைக்கு நடுவில் இரண்டே நாள். இதற்குமேல் தள்ளிப்போட்டால் நான் மனிதனே இல்லை.

உன் கடிதத்தை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று பார். அடையாற்றங்கரையில் நாற்பது குடிசைகள். யுத்தத்துக்கு அந்த இடம் வேண்டுமாம். வெள்ளிக்கிழமை விடிந்ததும் நீ கான்ஸ்டபிள்களோடு போய் நின்று குடிசைகளைப் பிரித்துப்போட வேண்டும். காகிதம் எதுவும் வரவில்லை, வாய் உத்தரவுதான். அவர்கள் எங்கே போவார்கள் என்று நீ கேட்டதற்கு உன் மேலதிகாரி, "அது உன் வேலை இல்லை, ஆர்டரை ஒபே பண்ணு" என்றார். முன்கூட்டி இடத்தைப் பார்த்துவரப் போனபோது, பிறந்து எட்டு நாளான பிள்ளையை மடியில் வைத்திருந்த ஒருத்தி, "எங்கள எங்க போவச் சொல்ற நைனா?" என்று கேட்டாள். நீ வந்த வழியே திரும்பிவிட்டாய். இவ்வளவையும் எழுதிவிட்டுக் கடைசியில் இப்படி எழுதியிருக்கிறாய்: "ஒபே என்ற வார்த்தையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் நீங்கள்தான் அப்பா. நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அப்படியே செய்கிறேன்." உத்தியோக உடுப்புப் போட்டு எட்டு மாதமான சப்-இன்ஸ்பெக்டர், இருபத்துமூன்று வயது ஆண்பிள்ளை, எனக்கு எழுதிய வரி இது. வேறு தகப்பனாக இருந்தால் பெருமைப்பட்டிருப்பான். என்னால் முடியவில்லை.

ஆமாம், நான்தான் கற்றுக்கொடுத்தேன். சாந்தோமில் அந்த வார்த்தையை என்னைப்போலச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்று எனக்கொரு கர்வம் உண்டு. அகராதியைத் திறந்து அர்த்தம் எழுதிப்போடுகிற சோம்பேறி வாத்தியார் இல்லை நான். வகுப்புக்குள் நுழைந்ததும் "ஸ்டேண்ட் அப்" என்பேன். எல்லாரும் எழுந்து நிற்பார்கள். "யூ ஒபே மீ" என்பேன். உட்காரச் சொல்லுவேன், கையைத் தூக்கச் சொல்லுவேன், ஒவ்வொன்றுக்கும் அந்த வார்த்தை. பிறகு எங்கே புழங்கும், எங்கே புழங்காது என்று சொல்லுவேன். தகப்பனுக்கு, வாத்தியாருக்கு, எஜமானுக்கு, சட்டத்துக்கு இந்த வார்த்தை வரும். தோழன் சொன்னதைக் கேட்டால் அதற்கு இந்த வார்த்தை வராது, மேலே ஒருத்தன், கீழே ஒருத்தன் இருந்தால்தான் வரும். அதன்பின்னால் ஆளைப் போடலாம்: ஒபே யுவர் ஃபாதர். ஆளை விட்டுவிட்டு உத்தரவை மட்டும் போடலாம்: ஒபே தி ஆர்டர். இரண்டும் சரி என்று மார்க் போடுவேன். இரண்டாவதில் ஒரு மனிதன் காணாமல் போயிருக்கிறானே, அவன் எங்கே என்று ஒரு பிள்ளையும் என்னைக் கேட்டதில்லை. எனக்கும் தோன்றியதில்லை. உன் மேலதிகாரி இரண்டாவது மாதிரிதான் பேசியிருக்கிறார், கவனித்தாயா?

இனி நான் சொல்லப்போவது உனக்குத் தெரியும். உன்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆனால் நாம் இரண்டுபேரும் பதினாலு வருஷமாக அதைப்பற்றி ஒருவார்த்தை பேசியதில்லை. இந்தக் கடிதத்தில் இரண்டு பிரதி எழுதுகிறேன். ஒன்று உனக்கு. மற்றொன்றைப் பங்குச் சுவாமியாரிடம் கொடுத்து, அடுத்த மாதம் நம் கோயில் பத்திரிகையில் ஒரு எழுத்துக்கூட விடாமல் போடச் சொல்லியிருக்கிறேன். உன் அம்மாவை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்தில் நின்றவர்களில் பாதிப்பேர் ஜப்பான்காரனுக்குப் பயந்து ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். மீதிப்பேராவது படிக்கட்டும்.

உனக்கு அப்போது ஒன்பது வயது. அன்று எங்கள் பள்ளிக்கூடத்தில் வருஷாந்தர இன்ஸ்பெக்ஷன். ஆறு வருஷமாகத் தற்காலிக வாத்தியாராகவே இருந்தேன். இன்ஸ்பெக்டர் முன்னால் மாதிரிப் பாடம் எடுத்து அவர் ஒரு நல்ல வார்த்தை எழுதினால் நிரந்தரம். இன்ஸ்பெக்ஷன் அன்று எவனுக்கும் லீவு கிடையாது என்று தலைமை ஆசிரியர் சுற்றறிக்கை விட்டு எல்லாரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தார். காலையில் நாலு மணிக்கே உன் அம்மாவுக்கு வாந்தி தொடங்கியது. விடிவதற்குள் நாலைந்து தரம் கொல்லைக்குப் போய்வந்துவிட்டாள். தெருவில் முந்தின வாரம்தான் இரண்டு வீட்டில் காலரா என்று கார்ப்பரேஷன்காரர்கள் வந்து வண்டியில் ஏற்றிப்போனார்கள். போனவர்கள் திரும்புவதில்லை என்று தெருவில் பேச்சு. அது மெய்யோ பொய்யோ, நான் விசாரிக்கவில்லை, நம்பிவிட்டேன். அவளைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று பயந்தேன் என்றுதான் பிற்பாடு என்னிடமே சொல்லிக்கொண்டேன். பாதி மெய். மறுபாதியை இப்போது எழுதுகிறேன்: வீட்டில் காலரா என்று தெரிந்தால் என்னைப் பள்ளிக்கூட வாசலுக்குள் விடமாட்டார்கள், இன்ஸ்பெக்டர் போய்விடுவார், நான் இன்னொரு வருஷம் தற்காலிகமாகக் கிடக்க வேண்டும். அந்தப் பயந்தான் பெரிதாக இருந்தது.

கஷாயம் போட்டுக் கொடுத்தேன். உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீரை ஒரு சொம்பில் வைத்து, அம்மாவுக்குக் கொடுத்துக்கொண்டே இரு என்று உன்னிடம் சொன்னேன். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு, உன் தோளைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிவந்து, "நான் வெளியே போனதும் தாழ்ப்பாள் போடு. யார் தட்டினாலும் திறக்காதே. யாரானாலும் சரி. நான் வந்து குரல் கொடுத்தால்தான் திறக்கணும்" என்றேன். "ஏம்ப்பா?" என்று கேட்டாய். "சொன்னதைச் செய்" என்றேன். உனக்குத் தாழ்ப்பாள் எட்டாது. முக்காலியை இழுத்துப்போடுகிற சத்தமும், நீ ஏறுகிற சத்தமும், தாழ்ப்பாள் விழுகிற சத்தமும் வெளியே நின்று கேட்டேன். "குட் பாய்" என்று கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டு நடந்தேன்.

பதினொரு மணிக்கு என் பாடம். கடைசி பெஞ்சில் இன்ஸ்பெக்டர், பக்கத்தில் தலைமை ஆசிரியர். எந்தப் பாடம் எடுத்தேன் என்று நினைக்கிறாய்? எனக்குக் கைவந்த பாடம் அதுதானே. ஸ்டேண்ட் அப், சிட் டவுன், எல்லாம் பிரமாதமாக நடந்தது. கரும்பலகையில் முத்து முத்தாக எழுதினேன்: மகன் தகப்பனுக்குக் கீழ்ப்படிகிறான். இங்கிலீஷில்தான். பிள்ளைகள் ஒரே குரலில் படித்தார்கள். இன்ஸ்பெக்டர் எழுந்துவந்து கையைக் குலுக்கினார். நான் அந்த வாக்கியத்தை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில்தான் நம் வீட்டுக் கதவை லூர்து அக்கா தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி அவள். கொல்லைப்பக்கம் உன் அம்மா முனகுவதைக் கேட்டுவிட்டு, தர்ம ஆஸ்பத்திரிக்கு ஓடி, மருந்து ஏற்றத் தெரிந்த ஒரு கன்னியாஸ்திரீயைக் கையோடு கூட்டிவந்திருந்தாள்.

அதை அவள் என்னிடம் எத்தனையோ முறை சொல்லிவிட்டாள், ஒரு முறைகூட மாற்றிச் சொன்னதில்லை. "கதவத் தொற நைனா, சிஸ்டரம்மா மருந்து எட்தாந்துகீறாங்க" என்று இவள் கத்த, உள்ளே இருந்து நீ, "அப்பா வந்து சொல்லணும் அக்கா" என்றாய். "ஒங்கப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன், தொறடா" என்றாள். "அப்பா வந்து சொல்லணும்." உள்ளேயிருந்து உன் அம்மாவின் குரலும் ஒருதரம் கேட்டதாம், "திறந்துவிடு சூசை" என்று. நீ அழுதாய். அழுதுகொண்டே அதையே சொன்னாய். கன்னியாஸ்திரீ அரைமணி நேரம் வெயிலில் நின்றுவிட்டு, வேறு வீட்டில் இரண்டுபேர் கிடக்கிறார்கள் என்று போய்விட்டார். லூர்து அக்கா அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஓடிவந்தாள். இன்ஸ்பெக்ஷன் நடக்கும்போது யாரையும் விடக்கூடாது என்று வாட்ச்மேனுக்கு உத்தரவு. அவன் விடவில்லை. அன்றைக்குச் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள்தான் எல்லாரும். நான் தலைமை ஆசிரியருக்கு, வாட்ச்மேன் எங்களுக்கு, நீ எனக்கு.

நான் வீட்டுக்கு வந்தபோது மணி நாலரை. லூர்து அக்கா நம் வாசற்படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் குரல் கொடுத்ததும் தாழ்ப்பாள் திறந்தது. முக்காலி கதவடியிலேயே இருந்தது, காலையிலிருந்து நீ அதன்மேலேயே உட்கார்ந்திருந்தாய்போல. "யாருக்கும் திறக்கலப்பா" என்றாய். உன் முகத்தில் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது சூசை. குட் பாய் என்று சொல்லுவேன் என்று நின்றாய். அம்மாவுக்கு அப்போதே கண் உள்ளே போய்விட்டது, விரல்கள் சுருங்கிவிட்டன. சுவாமியார் வந்து எண்ணெய் தொட்டுக் கடைசி அவஸ்தைப்பூசுதல் கொடுத்தார். கோயிலில் சாயங்கால மணி அடிப்பதற்குள் போய்விட்டாள்.

இதுவரை நடந்ததை மடத்தனம் என்று சொல்லலாம், பயம் என்று சொல்லலாம். இதற்குப் பிறகு நான் செய்ததற்கு அந்தச் சாக்கும் கிடையாது. வீடு ஆட்களால் நிறைந்தபோது உன்னைக் கிணற்றடிக்கு இழுத்துப்போய் முகத்தைக் கழுவிவிட்டேன். கழுவிக்கொண்டே, "கதவைத் திறக்க வேண்டாம்னு நான் சொன்னதா யார்கிட்டயும் சொல்லாதே. அப்பாவுக்கு வேலை போயிடும்" என்றேன். நீ தலையை ஆட்டினாய். திரும்பி வந்ததும் சுவாமியார் உன்னைப் பக்கத்தில் இழுத்து, "ஏன் தம்பி திறக்கலை?" என்று கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். பிறகு தரையைப் பார்த்தாய். "குழந்தை, பயந்துட்டான்" என்று அவரே சொன்னார். சுற்றி நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். நான் அங்கேதான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அது நம் வீட்டுக் கூடத்தில் எல்லார் கண்ணெதிரே நடந்தது. மூன்றாம் மாதம் எனக்கு நிரந்தர உத்தரவு வந்தது.

அப்புறம் ஊர் வாய் சும்மா இருக்குமா? ஆத்தாளை அடைத்துவைத்த பிள்ளை என்று கோயில் வாசலில் உன் காதுபடவே பேசினார்கள். நீ பூசையில் ஆல்தாருக்கு உதவி செய்யப் போவதை நிறுத்தினாய். தெருவில் விளையாடப் போவதை நிறுத்தினாய். ஒருத்தரிடமும் நீ சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் நான் இதை நாலு சுவாமியார்களிடம் சொல்லிவிட்டேன். நாலுபேரும் மன்னிப்புக் கொடுத்து ஜெபம் சொல்லச் சொன்னார்கள். ஜெபம் சொன்னேன். பாவத்தைச் சொல்ல வேண்டிய ஆள் அடுத்த அறையில் சரித்திரப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தான், அவனிடம் மட்டும் சொல்லவில்லை.

அதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. உனக்குப் பதினாறு வயதில், நான் எழுதச் சொன்ன பரீட்சைக்குப் போகமாட்டேன், அச்சாபீசில் வேலைக்குச் சேரப்போகிறேன் என்று நீ ஒரே ஒருநாள் எதிர்த்துப் பேசினாய். அப்போது நான் சொன்னதை நீ மறந்திருக்கமாட்டாய். "உன் பிடிவாதத்தால ஒருத்தி போனது போதாதா?" என்றேன். என் நாக்கு அழுகியிருக்க வேண்டும். நீ சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாய். "நீங்கதானே சொன்னீங்க" என்று மூன்று வார்த்தைகூட இல்லை, இரண்டு வார்த்தை, நீ சொல்லியிருக்கலாம். யாரிடமும் சொல்லாதே என்று நான் சொன்னதை நீ என்னிடத்திலும் காப்பாற்றினாய். மறுநாள் பரீட்சைக்குப் போனாய். பிற்பாடு போலீசில் சேரச் சொன்னேன், சேர்ந்தாய். நான் தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

போன வாரம் லூர்து அக்கா ஊரைவிட்டுப் போகிறேன் என்று சொல்லிக்கொள்ள வந்தாள். மகள் வீட்டுக்குத் திருச்சிப்பக்கம் போகிறாள். தலை முழுக்க வெளுத்துவிட்டது, வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. மூட்டையை வாசலில் வைத்துவிட்டு, "இன்னா வாத்யாரே, புள்ளகிட்ட பேசினியா இல்லியா?" என்றாள். இல்லை என்றேன். "பதினாலு வருசமா இன்னா பண்ணிக்கினு கீறே? அன்னிக்கு கல்லறையாண்ட நானே சொல்லிருப்பேன். அப்பன் வாயால வர்றதுதான் அதுக்கு மருந்துன்னு வுட்டேன். தப்பு பண்ட்டேன்" என்றாள். காபி குடிக்கச் சொன்னேன். வேண்டாம் என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் உன் கடிதம் வந்தது, நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன் என்று.

இப்போது உன் வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். உனக்கு என்னிடமிருந்து வேண்டியது புத்தி இல்லை, ஒரு உத்தரவு. போ என்று நான் சொன்னால் குடிசைகளைப் பிரித்துவிட்டு, அப்பா சொன்னார் என்று தூங்கப் பார்ப்பாய். போகாதே என்றால் உடுப்பைக் கழற்றிவிட்டு, அப்பா சொன்னார் என்று நிற்பாய். இரண்டையும் நான் சொல்லமாட்டேன். பயந்துகொண்டு நழுவுகிறேன் என்று நினைக்காதே. ஒரு தரம் உனக்கு உத்தரவு போட்டு, அதன் பளுவை உன் தலையில் வைத்துவிட்டு நான் தள்ளி நின்றேன். இனி ஒருதரம் மாட்டேன். ஆனால் அடிபட்டவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்லுகிறேன். எய்தவனிருக்க அம்பை நோவானேன் என்று பழமொழி சொல்லுவார்கள். உலகம் அம்பைத்தான் நோகும். அந்த எட்டு நாள் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் யாருடைய முகத்தை அந்தத் தாய் ஞாபகம் வைத்துக்கொள்வாள்? உத்தரவு போட்டவர் முகத்தையா? அவரை அவள் பார்த்ததே இல்லையே. நைனா என்று அவள் கூப்பிட்டது உன்னை.

இது கைக்குக் கிடைத்ததும் போய் அந்த உத்தரவைக் கையெழுத்தோடு காகிதத்தில் கேள். போட்ட மனிதனுக்கு ஒரு பெயர் இருக்கட்டும். குடிசைக்காரர்களை எங்கே கொண்டுபோய் விடுவது என்பதும் அதே காகிதத்தில் வேண்டும் என்று சொல். மரியாதையாகக் கேள், ஆனால் கேட்டுவிட்டு அங்கேயே நில். வாய் உத்தரவு போடுகிறவன் முக்கால்வாசி கையெழுத்தென்றால் பின்வாங்குவான். அந்தக் கிணற்றடியில் நீ காகிதம் கேட்டிருந்தால் நானும் பின்வாங்கியிருப்பேன். கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்கிறாயா? அப்போது நீயேதான் தீர்மானிக்க வேண்டும், அதற்கு நான் உனக்குக் கற்றுக்கொடுத்த இங்கிலீஷில் வார்த்தை இல்லை. எப்படித் தீர்மானித்தாலும் அன்று சாயங்காலம் வீட்டுக்கு வா. உடுப்போடு வந்தாலும் சரி, உடுப்பில்லாமல் வந்தாலும் சரி. இரண்டுபேருக்குக் கஞ்சி உண்டு. என் மூட்டுவலியைப் பற்றி விசாரித்து நேரத்தைப் போக்காமல் நேரே உட்கார்ந்து பேசுவோம்.

கடைசியாக ஒன்று. உனக்கு நான் அன்று இரண்டு உத்தரவு போட்டேன். முதலாவது, நான் குரல் கொடுக்கும்வரை திறக்காதே என்பது. அது சாயங்காலம் நாலரை மணிக்கு முடிந்தது. இரண்டாவது, யாரிடமும் சொல்லாதே என்பது. அதற்கு நான் முடிவே சொல்லவில்லை. நீயும் இன்றுவரை மீறவில்லை. அந்த இரண்டாவதை இன்று நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கோயில் பத்திரிகை வருவதற்கு முன்னால் நீயே உன் வாயால் சொல்லவேண்டும் என்று எனக்கு ஆசை. கோயில் வாசலில் சொல். ஸ்டேஷனில் சொல். உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் சொல். உன் அம்மாவின் கல்லறைக்குப் போய் அவளிடமும் சொல். ஏன் திறக்கவில்லை என்று இனி யார் கேட்டாலும் தரையைப் பார்க்காதே. அவர்கள் முகத்தைப் பார்த்து, அப்பா சொன்னார் என்று சொல்.

உன் அப்பா